தியேகோ கார்சியா வழக்கு: சட்டம் எட்டாத தீவு என்று ஒன்று உண்டா?

2021 அக்டோபர் 3 அன்று இந்தியப் பெருங்கடலின் நடுவில் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு மீன்பிடிப் படகைப் பிரிட்டிஷ் கடற்படை தியேகோ கார்சியா தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. படகில் இருந்தவர்கள் 89 பேர், இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு கனடாவுக்குப் போய்ச் சேர நினைத்தவர்கள். கரையேறிய சில வாரங்களுக்குள் தீவில் இருந்த பிரிட்டிஷ் படைத் தளபதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இலங்கையில் எங்களுக்கு ஆபத்து, எங்களை அங்கே திருப்பி அனுப்பாதீர்கள், பாதுகாப்பான வேறு நாட்டுக்கு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அந்தத் தீவில் அதற்கு முன்னால் யாருமே அடைக்கலம் கேட்டதில்லை.

அந்தக் கடிதத்துக்கு ஒழுங்கான ஒரு பதில் கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலம் முழுக்க வேலி போட்ட ஒரு முகாமில் கூடாரங்களில் கழிந்தது. இந்த வழக்கை முழுதாக எழுத நினைத்ததற்குக் காரணம் பாதிக்கப்பட்டவர்கள் தமிழர்கள் என்பது மட்டும் இல்லை. அடைக்கலம் கேட்கும் உரிமையை ஓர் அரசு எந்தெந்த வழிகளில் மறுக்கப் பார்க்கும், அதை எப்படி எதிர்த்து நிற்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு சமீப காலத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

முதலில் அந்தத் தீவு

தியேகோ கார்சியா சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது, இலங்கையிலிருந்து கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர் தெற்கே. 1965இல் மொரீஷியஸ் இன்னும் பிரிட்டனின் காலனியாக இருந்தபோதே இந்தத் தீவுகளை அதிலிருந்து பிரித்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று ஒன்றை உருவாக்கினார்கள். அமெரிக்காவுக்கு ஒரு ராணுவத் தளம் வேண்டியிருந்தது. அதற்காக அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சாகோஸ் மக்களை 1968 தொடங்கி 1973க்குள் மொத்தமாக வெளியேற்றினார்கள். அவர்கள் நீதிமன்றம் போய் 2000இல் தங்களுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வாங்கினார்கள். ஆனால் 2004இல் அரச ஆணை மூலம் அந்தப் பிரதேசத்தில் யாருக்கும் வசிக்கும் உரிமை கிடையாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2008இல், அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஆணை செல்லும் என்றது. சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொன்ன ஆலோசனைக் கருத்து நேர்மாறானது: தீவுகளைப் பிரித்ததே சட்டப்படி சரியில்லை, பிரிட்டன் தன் நிர்வாகத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. 2021இல் அந்தப் படகு போய்ச் சேர்ந்த இடம், சொந்த மக்களையே வெளியே நிறுத்தி வைப்பதற்காகச் சட்டம் எழுதப்பட்ட இடம். அங்கே இருப்பவர்கள் படையினரும் ஒப்பந்தப் பணியாளர்களும்தான். ஊர் கிடையாது, பள்ளி கிடையாது, போய்ப் பேச ஒரு வழக்கறிஞர் அலுவலகம் கிடையாது. பிரதேசத்தின் ஆணையர் என்பவர் லண்டனில் வெளியுறவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி.

"இந்தியாவிலேயே இருந்திருக்கலாமே?"

இந்த வழக்கைப் பற்றி எங்கே பேசினாலும் முதலில் வரும் கேள்வி இதுதான், அதுவும் நம்மவர்களிடமிருந்தே வரும். போர் 2009இல் முடிந்துவிட்டது, பலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள், அப்புறம் எதற்குக் கனடா?

1983 தொடங்கி தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாடு அரசு அவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது, வீடுகளும் கட்டிக் கொடுத்து வருகிறது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இங்கே கிடையாது. முகாமில் இருக்கும் ஒருவர் சட்டத்தின் கண்ணில் அகதி கிடையாது, வெளிநாட்டவர். தமிழ்நாடு போலீசின் உளவுப் பிரிவான கியூ பிரிவின் கண்காணிப்பு, ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் நேரில் நிற்க வேண்டிய கட்டாயம், வெளியூர் போய்த் தங்க வேண்டுமென்றால் அனுமதி, இதெல்லாம் அங்கே அன்றாடம். 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைக்குக்கூட, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இல்லாவிட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. முப்பது வயதில் ஒருவர் தான் பிறந்த முகாமிலேயே நின்றுகொண்டு, என் பிள்ளைக்கும் இதே அட்டைதானா என்று யோசித்தால் அதில் புரியாதது எதுவும் இல்லை.

இலங்கைப் பக்கம் பார்த்தால், 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போர் முடிந்த பிறகும் நடைமுறையில் இருந்தது. விசாரணைக்கென்று கூட்டிப்போய் அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள் என்ற வாக்குமூலங்கள் 2009க்குப் பிறகும் தொடர்ந்து வந்திருக்கின்றன. 89 பேரில் ஒவ்வொருவருக்கும் ஆபத்து இருந்ததா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால்தான் தெரியும். அடைக்கலம் கேட்கும் உரிமையின் அடிப்படை அதுதான்: என் கதையை ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டு முடிக்கும் வரை என்னைத் திருப்பி அனுப்பக் கூடாது.

கனடா ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 ஈழத் தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள், அவர்கள் அங்கேயே வாழ அனுமதிக்கப்பட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்னால், 1985 ஏப்ரலில், கனடா உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொல்லியிருந்தது. கனடா மண்ணில் நிற்கும் ஒருவருடைய அகதிக் கோரிக்கையில் அவர் சொல்வது உண்மையா என்பதுதான் கேள்வி என்றால், அவரை நேரில் பேசவிட்டுக் கேட்காமல் நிராகரிக்கக் கூடாது என்று. சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், போனால் காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒரே நாளில் வந்தது கிடையாது.

உடன்படிக்கை இங்கே செல்லாது என்ற வாதம்

வழக்கின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம்.

1951 உடன்படிக்கையை எழுதிய காலத்தில் காலனிகள் இருந்தன. அதனால் அதன் 40ஆவது பிரிவு, கையெழுத்திடும் நாடு தன் ஆளுகையில் இருக்கும் வெளிப் பிரதேசங்களுக்கு உடன்படிக்கையை நீட்டிப்பதாகத் தனியே அறிவிக்கலாம் என்கிறது. அறிவிக்காவிட்டால்? தியேகோ கார்சியா விஷயத்தில் பிரிட்டன் எடுத்த நிலை: பிரிட்டன் உடன்படிக்கையில் இருக்கிறது, ஆனால் இந்தப் பிரதேசத்துக்கு அது நீட்டிக்கப்படவில்லை, இந்தப் பிரதேசம் சட்டப்படி பிரிட்டனிலிருந்து வேறானது, எனவே இங்கே கரையேறியவர்கள் பிரிட்டனில் அடைக்கலம் கேட்டவர்களாக மாட்டார்கள்.

பார்ப்பதற்கு வெறும் தாள் சமாச்சாரம். ஆனால் விளைவைப் பாருங்கள். லண்டனில் விமானத்திலிருந்து இறங்கிக் கேட்டிருந்தால் இருக்கும் முறையீடு, சட்ட உதவி, தங்குமிடம், பிள்ளைகளுக்குப் பள்ளி எதுவும் இவர்களுக்கு இல்லை. அதே அரசு, அதே கொடி. படகைக் கூட்டி வந்ததும் அதே அரசின் கடற்படை.

முழுக்கக் கைகழுவவும் முடியவில்லை என்பதுதான் அடுத்த விஷயம். சித்திரவதைக்கோ உயிராபத்துக்கோ ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி 1951 உடன்படிக்கையின் 33ஆவது பிரிவில் மட்டும் இல்லை, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையிலும் இருக்கிறது, நாடுகள் பொதுவாகக் கட்டுப்பட்ட வழக்காறாகவும் ஆகிவிட்டது. ஆகவே ஆணையர் பேரில் ஒரு தனி நடைமுறையை உருவாக்கினார்கள். அதற்கு 'சர்வதேசப் பாதுகாப்புக் கோரிக்கை' என்று பெயர். கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இவரை இலங்கைக்கு அனுப்பலாமா, கூடாதா? கூடாது என்று முடிவானால்கூட அவரைப் பிரிட்டனுக்குக் கூட்டிக்கொள்ள மாட்டோம், பாதுகாப்பான மூன்றாவது நாடு ஒன்று கிடைக்கும்வரை தீவிலேயே இருக்க வேண்டும். சிலருக்கு அப்படித்தான் ஆனது. உங்கள் பயம் நியாயமானது, உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்ற முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு, அதே கூடாரத்துக்குத் திரும்பிப் போனார்கள். மனித மனத்தை இதைவிட நொறுக்கும் ஒரு கடிதம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, இந்த வழக்கைப் பேசுபவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 1998 அக்டோபரில் 75 பேர் வந்த ஒரு படகு சைப்ரஸில் உள்ள பிரிட்டிஷ் ராணுவத் தளமான அக்ரோடிரியில் கரை தட்டியது. அங்கேயும் இதே பேச்சுதான்: தளத்துக்கு உடன்படிக்கை பொருந்தாது. பல குடும்பங்கள் தளத்துக்குள்ளேயே பழைய குடியிருப்புகளில் தங்கிப்போனார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தார்கள். 2018இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், 1956இல் சைப்ரஸ் காலனிக்கு நீட்டிக்கப்பட்ட உடன்படிக்கை, 1960இல் சைப்ரஸ் விடுதலையடைந்த பிறகு பிரிட்டன் தன்னிடம் வைத்துக்கொண்ட அந்தத் தளங்களுக்கும் தொடர்ந்து செல்லும் என்றது. அந்த ஆண்டு முடிவில் அந்தக் குடும்பங்களைப் பிரிட்டனுக்குள் அனுமதிக்க அரசு ஒத்துக்கொண்டது. இருபது ஆண்டு. அதைப் பார்த்த பிறகும், மூன்றே ஆண்டுகளில் இன்னொரு தளத்தில் இன்னொரு படகிடம் அதே வாதத்தை எடுத்தார்கள்.

கூடாரம்

முகாமுக்குத் தண்டர் கோவ் என்று பெயர். சுமார் ஒரு கால்பந்து மைதான அளவு இடம், சுற்றி வேலி, தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் துணிக் கூடாரங்களில். கூடாரத்துக்குள் எலிகள் கூடு கட்டின, படுக்கைக்கு மேலேயே ஓடின. மழை வந்தால் ஒழுகல். முகாமுக்குள்ளேயே பாலியல் தொந்தரவும் தாக்குதலும் நடந்ததாகப் புகார்கள் எழுந்தன, புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் அதே வேலிக்குள்தான் தொடர்ந்து இருந்தார்கள். பட்டினிப் போராட்டங்கள் நடந்தன. தற்கொலை முயற்சிகள் நடந்தன, அப்படித் தங்களைக் காயப்படுத்திக்கொண்ட சிலரை வைத்தியத்துக்காக ருவாண்டாவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள், அங்கே அவர்கள் வேறொரு அந்நிய ஊரில் காத்திருந்தார்கள்.

2022இல் இன்னும் சில படகுகள் வந்தன. சிலர் மறுபடி கடலில் இறங்கி பிரான்சின் ஆளுகையில் உள்ள ரீயூனியன் தீவுக்குப் போனார்கள், சிலர் இலங்கைக்கே திரும்பிப் போக ஒத்துக்கொண்டார்கள். அந்தத் திரும்பல்களை 'தன்விருப்பம்' என்று பதிவேட்டில் எழுதலாம். ஒரு பக்கம் முடிவு தெரியாத கூடாரம், இன்னொரு பக்கம் ஊர் என்று நிறுத்தி வைத்துவிட்டு, எதை எடுக்கிறாய் என்று கேட்பதை விருப்பம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2023 கடைசியில் ஐ.நா. அகதிகள் முகமையின் அதிகாரிகள் தீவுக்குப் போய்ப் பார்த்தார்கள். நிலைமை தன்னிச்சையான காவலுக்குச் சமம், குழந்தைகள் இருக்கத் தகுந்த இடமே இல்லை, எல்லாரையும் வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். வெளியாள் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்த அந்த அறிக்கை வழக்குக்குப் பெரிய பலம். அதுவரை அங்கிருந்து வெளியே வந்ததெல்லாம் தொலைபேசியில் கேட்ட குரல்கள்தான். வழக்கறிஞர்கள் லண்டனில், வழக்குப் போட்டவர்கள் கடல் நடுவில், இடையில் நேர வித்தியாசமும் விட்டுவிட்டு வரும் இணைப்பும். முகாமில் இருந்தவர்கள் அந்தத் தொலைபேசியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் வழக்கு உயிரோடு இருந்தது.

நீதிமன்றம் தீவுக்குப் போனது

அந்தப் பிரதேசத்துக்கென்று ஒரு உச்ச நீதிமன்றம் இருக்கிறது. பெயரளவுக்கு இருக்கும் நீதிமன்றம் என்று யாரும் நினைத்திருக்கலாம், வழக்கமாக அது லண்டனில்தான் கூடும். தமிழர்கள் தரப்பு அங்கே வழக்குப் போட்டது: எங்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று. நீதிபதி மார்கரெட் ஓபி, தீவிலேயே விசாரணை நடத்த முடிவு செய்தார்.

2024 ஜூலையில் நடக்க வேண்டிய விசாரணை கடைசி நேரத்தில் நின்றது. நீதிபதி, வழக்கறிஞர்கள், செய்தியாளர்கள் வந்தால் தளத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தரப்பு அனுமதியை மறுத்துவிட்டது. பிரிட்டிஷ் பிரதேசத்தின் நீதிமன்றம் தன் சொந்த எல்லைக்குள் உட்கார இன்னொரு நாட்டின் ராணுவத்தின் சம்மதம் வேண்டியிருந்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், அந்த முகாமில் இருந்தவர்கள் யாரிடம் போய் என்ன கேட்டிருக்க முடியும் என்பது புரியும். பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதி கிடைத்து, செப்டம்பரில் விசாரணை தீவிலேயே நடந்தது. நீதிபதி முகாமுக்குள் நடந்து போய்க் கூடாரங்களை நேரில் பார்த்தார்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த நீதிபதியை நான் மெச்சுவேன். லண்டனில் காணொளி வைத்துக் கேட்டு முடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் வேலியை நேரில் பார்ப்பதும், அது எவ்வளவு உயரம் என்று வாக்குமூலத்தில் படிப்பதும் ஒன்றாகாது.

அரசுத் தரப்பின் அடிப்படை வாதம் இது காவலே கிடையாது என்பது. தீவு ராணுவத் தளம், கண்டபடி சுற்ற விட முடியாது, முகாம் அவர்களைத் தங்கவைக்க ஏற்பாடு செய்த இடம், அவ்வளவுதான் என்று. 2024 டிசம்பர் நடுவில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. தாங்கள் சிறையில் இருப்பதாக அவர்கள் உணர்வதில் ஆச்சரியம் இல்லை, பெயரைத் தவிர மற்ற எல்லா வகையிலும் அது சிறைதான் என்று ஓபி எழுதினார். அவர்கள் சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டார்கள் என்பது முடிவு.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நீதிமன்றம் எங்கிருந்து தொடங்கியது என்பது. அகதி உடன்படிக்கை இங்கே செல்லுமா என்ற கேள்விக்கு வெளியே ஒரு பழைய, உறுதியான கேள்வி இருக்கிறது: ஒரு மனிதரை அடைத்து வைக்க உனக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது, காட்டு. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் கேள்வி அது, ஆட்கொணர்வு மனுவின் அடிப்படையும் அதுதான். எந்த உடன்படிக்கையும் நீட்டிக்கப்படாத தீவிலும் அது செல்லும். அகதிகளுக்காக வாதாடுபவர்கள் சில நேரம் அகதிச் சட்டத்துக்குள்ளேயே தலையை முட்டிக்கொள்கிறார்கள். பக்கத்துக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்த வழக்கில் பார்த்தார்கள்.

தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்பே, டிசம்பர் தொடக்கத்தில், முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரிட்டனுக்கு விமானத்தில் கூட்டிப்போய்விட்டார்கள். மூன்று ஆண்டு முடியவே முடியாது என்று சொன்ன காரியம், வழக்கு முற்றிய பிறகு சில வாரத்தில் முடிந்தது. குற்ற வழக்குத் தொடர்புள்ள சிலரை மட்டும் அப்போது கூட்டிப்போகவில்லை.

பத்து ஆண்டு முன்னால் இதே கடலில்

எல்லா நீதிமன்றமும் இப்படிச் சொல்லிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஒரு படகில் 157 தமிழர்கள், அதில் குழந்தைகள் ஏராளம். கிறிஸ்மஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலிய அதிகாரிகள் மறித்தார்கள், எல்லாரையும் சுங்கத் துறைக் கப்பலில் ஏற்றி, கிட்டத்தட்ட ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தார்கள். சன்னல் இல்லாத அறைகள். இந்தியாவுக்கே கொண்டுபோய் விடலாம் என்று கப்பல் இந்தப் பக்கமும் வந்தது. 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்தக் காவல் செல்லும் என்றது, கடல்சார் அதிகாரங்கள் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று. அதே நாட்களில் இன்னொரு படகில் வந்த 41 பேரிடம் கடலிலேயே காணொளித் தொடர்பில் சில கேள்விகள் கேட்டுவிட்டு, இலங்கைக் கடற்படையிடம் கடலிலேயே ஒப்படைத்தார்கள்.

இரண்டு வழக்குக்கும் நடுவே நான் பார்க்கும் வித்தியாசம்: ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றம் அடைத்து வைக்கும் அதிகாரத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருந்தது. தியேகோ கார்சியாவில் அப்படி எழுதிய சட்டம் இல்லாமலே அடைத்தார்கள். அதாவது, அந்த அதிகாரத்தைத் தெளிவாகக் கொடுக்கும் ஒரு சட்டம் எழுதிவிட்டால் நாளைக்கு இதே காரியத்தைச் சட்டபூர்வமாகவே செய்யலாம். அதனால் சண்டை நீதிமன்றத்தில் மட்டும் இல்லை, சட்டம் எழுதும் இடத்திலும் இருக்கிறது. 157 பேரின் வழக்கில் தோற்ற தரப்புக்கு மூன்று நீதிபதிகள் ஆதரவாக எழுதியிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது, அந்த மாற்றுத் தீர்ப்புகள் பிற நாட்டு வழக்கறிஞர்களுக்கு இன்றும் பயன்படும்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது

இனி, வெளியே அதிகம் பேசப்படாத பகுதி. அடைக்கல வழக்கின் முக்கால்வாசி, நேர்காணல் அறையில்தான் முடிவாகிறது. புலம்பெயர்ந்த நம்மவர்கள் 'கேஸ்' என்று சொல்வது அந்தச் சில மணி நேரத்தை. எதிரே ஓர் அதிகாரி, பக்கத்திலோ தொலைபேசியிலோ ஒரு மொழிபெயர்ப்பாளர். உங்களை எப்போது பிடித்தார்கள்? தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாடி என்று வாய் சொல்லும், அதிகாரியின் படிவம் தேதி கேட்கும். ஒரு தேதியைச் சொல்லிவிடுவார். ஏழு மாதம் கழித்து இரண்டாவது நேர்காணலில் வேறு தேதி வரும். நிராகரிப்புக் கடிதத்தில் முதல் பத்தியிலேயே அது இருக்கும்: முன்னுக்குப் பின் முரண், எனவே நம்பத் தகுந்தவர் இல்லை. அடிபட்டவருடைய நினைவு வரிசைப்படி இருக்காது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் முதல் தடவையே எல்லாவற்றையும் அந்நியர் முன்னால் சொல்லிவிட மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். 1979இல் ஐ.நா. அகதிகள் முகமை வெளியிட்ட கையேடே இதைச் சொல்கிறது: உண்மையைக் கண்டறியும் பொறுப்பு கேட்பவருக்கும் உண்டு, முயற்சி செய்தும் சான்று கிடைக்காத இடத்தில் சந்தேகத்தின் பலனை விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வியும் பிரிட்டனில் நம்மவர்களின் இன்னொரு வழக்கில்தான் தீர்ந்தது. 1987 டிசம்பரில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சில இலங்கைத் தமிழர்களின் வழக்கில், ஆபத்து நேரும் என்பதற்கு 'நியாயமான அளவு வாய்ப்பு' இருந்தால் போதும் என்று அளவுகோல் வைத்தது. ஆனால் வழக்குப் போட்ட தமிழர்கள் அதில் தோற்றார்கள், 1988 பிப்ரவரியில் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் போனதும் சிலர் பிடிபட்டார்கள், அடிபட்டார்கள். 1989இல் மேல்முறையீட்டில் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவாகி, பிரிட்டனுக்குத் திரும்ப வந்தார்கள். ஓர் அளவுகோல் சரியாக இருந்தும், அதைக் கையில் வைத்திருப்பவர் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஓராண்டு சாட்சி. இதை நினைத்துத்தான் சொல்கிறேன், முறையீடு முடியும்வரை ஆளை அனுப்பக் கூடாது என்ற விதியை ஒரு சலுகையாகப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தீவில் நடந்த நேர்காணல்களுக்கு இவ்வளவோடு இன்னொரு சுமை. பேசி முடித்துவிட்டு அந்த மனிதர் திரும்பிப் போவது காவலர் நிற்கும் வேலிக்குள். வாய் திறந்து சொன்னால் உள்ளே என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம், சீக்கிரம் முடித்தால் போதும் என்ற களைப்பு இன்னொரு பக்கம். அப்படிக் கிடைத்த வாக்குமூலத்தில் முரண் தேடுவது நியாயமான விசாரணையாகாது.

இன்னும் தீராதவை

பிரிட்டனில் வந்திறங்கியவர்களுக்கு வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை, மூன்று ஆண்டு காவலின் காயத்தோடு அவர்கள் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளைகள் சிலருக்கு நினைவு தெரிந்த முதல் இடமே தண்டர் கோவ்தான்.

அடுத்த படகுக்கு என்ன ஏற்பாடு என்பது இன்னும் கவலை தரும் விஷயம். 2024 அக்டோபரில் பிரிட்டன் ஓர் உடன்பாடு செய்தது: இனி தியேகோ கார்சியாவில் கரையேறுபவர்களை அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்புவது, அதற்காக அந்தத் தீவுக்கு 66.5 லட்சம் பவுண்ட் கொடுப்பது. 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு. அதே அக்டோபர் 3 அன்றுதான், அதாவது முதல் படகு வந்து சரியாக மூன்று ஆண்டு கழித்து, சாகோஸின் இறையாண்மையை மொரீஷியசுக்கே விட்டுக்கொடுப்பதாகப் பிரிட்டன் அறிவித்தது. 2025 மே 22இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி தியேகோ கார்சியா தளம் மட்டும் 99 ஆண்டுக்குப் பிரிட்டனின் பொறுப்பில் இருக்கும். மொரீஷியஸ் 1951 உடன்படிக்கையில் சேராத நாடு. இறையாண்மை ஒருவரிடம், தளத்தின் பொறுப்பு இன்னொருவரிடம், தளத்தை நடத்துவது மூன்றாமவர். அங்கே ஒரு படகு வந்து நின்றால், மூன்று பேரும் மற்றவரைக் கைகாட்ட இடம் இருக்கிறது.

இந்த வேலையில் இருக்கும் அமைப்புகள், புலம்பெயர் தமிழ் அமைப்புகளும்தான், இப்போதே எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. கோரிக்கையை யார் பதிவு செய்வார், எத்தனை நாளுக்குள்? வழக்கறிஞரோடு தனியாகப் பேசத் தொலைபேசி கரையேறிய முதல் வாரத்திலேயே கிடைக்குமா? குழந்தைகளை எங்கே வைப்பார்கள்? எவரையாவது வேலிக்குள் வைப்பதாக இருந்தால் எந்தச் சட்டத்தின் கீழ், எவ்வளவு நாள், எந்த நீதிமன்றம் அதைப் பார்க்கும்? பாதுகாப்பு உண்டு என்று முடிவானவர் எத்தனை மாதத்துக்குள் தீவை விட்டு வெளியேறுவார்? 89 பேரின் கடிதம் போய்ச் சேர்ந்தபோது இவற்றில் ஒன்றுக்குக்கூட விடை எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த கடிதம் எழுதப்படும் முன் இவற்றுக்கு விடை வாங்கி வைத்தாக வேண்டும்.